மஞ்சள் கட்டங்களைத் தின்ற வரி

ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆபீஸுக்கு அவர்கள் வேறு வேறு பஸ்ஸில் போவார்கள். பெரியவள் முதல் பஸ்ஸில். அது கண்ணை விட்டு மறைந்த பிறகு வருகிற பஸ்ஸில் சின்னவள். அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள். வீட்டில் ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு, நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் யாருடைய கரண்டியும் கிடக்கக் கூடாது என்பது யாரும் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

சின்னவள் அதிகம் பேச மாட்டாள். பேசாதவளுக்குக் கோபம் வராது என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இருந்த கோபத்தில் இரண்டு அடுப்பையும் பற்றவைத்திருக்கலாம்.

அந்த ஆபீஸில் அவளைச் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். கல்யாணமான புதிதில் சின்னவளின் கணவன் போய், "அண்ணி, இவளுக்கும் அங்க ஏதாவது பாருங்களேன்" என்று கேட்டுவிட்டான். அதன் பிறகு அவன் எதையும் கேட்டதில்லை. வேன் ஓட்டப் போவான், வருவான், சாப்பிடுவான், தூங்குவான். கேட்டதன் பலனை அனுபவித்தவள் சின்னவள். யார் வந்தாலும் பெரியவள் சொல்வாள்: "நான்தான் சேர்த்துவிட்டேன்." பால் வாங்கப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஆபீஸ் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. ஏறும்போதே ரப்பர் வாடை மூக்கைப் பிடிக்கும். மேலே ஒரே நீள அறை, வரிசையாக மேஜைகள். கோடியில் ஜன்னலோரம் கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி ஒன்று. பிரிவின் தலைவர் உட்கார்ந்த நாற்காலி. அவர் வேலையை விட்டுப் போன பிறகு அது யாரும் உட்காராமல் கிடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் அதைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். பெரியவளும் சின்னவளும் மட்டும் சுற்ற மாட்டார்கள்.

அங்கே நடந்த வேலை இதுதான். இயந்திரம் செய்கிற கம்பெனிகள் தங்கள் கையேடுகளை அனுப்பும். பழைய அமைப்பில் இருப்பதைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தர வேண்டும். எக்ஸ்எம்எல் என்று பெயர். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் அது என்னவென்று சொல்லும் ஒரு டேக் இருக்கும். இது தலைப்பு, இது பத்தி, இது படம், இது எச்சரிக்கை. ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று, தலைகீழாக நிறுத்திய மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து போகும்.

பெரியவள் அந்த மரத்தை மரமாகப் பார்த்ததில்லை. அவளுக்கு அது நீளமான எழுத்து. இந்த எழுத்தைத் தேடு, அந்த எழுத்தைப் போடு என்று வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்த ஒரு பெரிய ஸ்கிரிப்ட் அவளிடம் இருந்தது. வேலை செய்தது. இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே கை வைத்தாலும் வேறெங்கோ வலிக்கும். எங்கே வலிக்கும் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனாலேயே அந்த அறையில் அவளுக்குப் பாதி மரியாதை.

சின்னவள் வேறு மாதிரி எழுதினாள். அவள் எழுதுகிற ஃபங்ஷன், ஒரே ஒரு வேலை தெரிந்த குட்டி நிரல், ஒரு கிளையை மட்டும் வாங்கிக்கொள்ளும். அதை அப்படியே திருப்பித் தரலாம், மாற்றித் தரலாம், பலதாக்கித் தரலாம், ஒன்றுமே தராமலும் இருக்கலாம். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட குட்டி ஃபங்ஷன்களைக் கோர்க்கிறவற்றுக்குப் புத்தகத்தில் காம்பினேட்டர் என்று பேர். அவள் கொக்கி என்பாள். 'பிறகு' என்று ஒரு கொக்கி: முதல் ஃபங்ஷன் தந்ததை வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும். 'இல்லாவிட்டால்' என்று ஒன்று: முதல் ஃபங்ஷன் கையை விரித்தால் இரண்டாவதைக் கூப்பிடும். 'எங்கும்' என்று ஒன்று: கொடுத்த வேலையை மரம் முழுக்க, நுனிக் கிளையில் ஆரம்பித்து அடிவரை செய்துகொண்டு வரும். கோர்த்து வருவதும் ஒரு ஃபங்ஷன்தான். அதையும் இன்னொன்றோடு கோர்க்கலாம். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது, எந்த ஃபங்ஷனும் தனக்குக் கொடுத்த கிளையைத் தவிர அடுத்ததைத் தொடாது என்பது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அப்படி ஒரு ஆளை அவள் பார்த்ததில்லை.

"இவ எழுதறது புரோகிராமா, துணி காயப்போடற கொடியா?" என்று பெரியவள் அறைக்கே கேட்கும்படி சொல்வாள். "கொக்கி கொக்கியா மாட்டிக்கிட்டே போறா."

சின்னவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். பக்கத்து மேஜைக்காரியிடம் மட்டும் மெல்லச் சொல்வாள்: "அக்கா ஸ்கிரிப்ட்ல ஒரு கமாவைத் தொட்டா அடுத்த தெரு வரைக்கும் கரண்ட் போயிடும்." மெல்லச் சொன்னாலும் அந்த அறையில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். அன்று ராத்திரி வீட்டில் பாத்திரங்கள் பேசும்.

முதலாளிக்கு 'சரிம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் என்ன சொன்னாலும் சரிம்மா என்பார். பெரியவள் போய், "சின்னவ எழுதறது வேற யாருக்கும் புரியாது சார்" என்றால் சரிம்மா. சின்னவள் போய், "அக்கா எழுதினது அக்காவுக்கே புரியாது சார்" என்றால் அதற்கும் சரிம்மா. ஒரு நாள் லிஃப்ட் கம்பெனியிலிருந்து பெரிய வேலை வந்தது. பழுது பார்க்கும் கையேடுகள், அலமாரி அலமாரியாக. அவர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சின்னவங்க முறையில முதல் கையேட்டைப் பண்ணிப் பார்ப்போம். பெரியவங்க சரிபார்த்து அனுப்பட்டும். லிஃப்ட்காரங்க ஒத்துக்கிட்டா இனிமே எல்லாம் அந்த முறைதான், ஜன்னல் நாற்காலியும் சின்னவங்களுக்கு. ஒத்துக்கலைன்னா பெரியவங்க ஸ்கிரிப்ட், பெரியவங்களுக்கு நாற்காலி. வர்ற திங்கக்கிழமை முடிவு சொல்லிடறேன்."

"சரி சார்" என்றார்கள் இருவரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சின்னவளுக்கு நாற்காலி மேல் அவ்வளவு ஆசை என்று அவளுக்கே அதுவரை தெரியாது. வீட்டில் அவள் சின்னவள். குளிக்கப் போவதில் கடைசி, அடுப்பில் சிறியது, பேச்சில் இடமில்லை. ஆபீஸ் ஒன்றில்தான் அவள் சின்னவள் இல்லை. பெரியவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் காலையில் விட்ட அதட்டலையே மதியமும் கேட்க வேண்டும். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை நன்றாகத்தான் போனது. அனுப்ப வேண்டிய அன்று காலையில் பெரியவள் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பழைய கையேட்டில் எழுதியவர்கள் இடம் விடுவதற்காக வெற்றுப் பத்திகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அவை புதியதிலும் அப்படியே வந்து, பக்கம் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது.

"கிளை, மரம்னு பேச்சு பெரிசா இருந்துச்சு. பாருங்க, பக்கமெல்லாம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. நம்ம மகராசிக்கு மத்தவங்க எழுதினதைத் தொடக் கை கூசும் போல."

சிரிப்பு எழுந்தது. சின்னவளுக்குக் காது சுட்டது. அவள் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு ஃபங்ஷன் எழுதினாள். கிளைக்குள் எழுத்தோ வேறு கிளையோ ஒன்றும் இல்லையென்றால் அது காலி. காலியானால் எதையும் திருப்பித் தராதே. அதை 'எங்கும்' கொக்கியில் மாட்டினாள். ஒரே ஒரு வரி. ஓட்டைகள் எல்லாம் மூடிக்கொண்டன. பக்கம் வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அமைப்பு விதிப்படி எல்லாம் சரி என்று சோதனையும் சொன்னது. கையில் இருந்த மாதிரிப் பக்கங்களில் ஓட்டிப் பார்த்தாள். அவை முன்பு செய்த வேறொரு கம்பெனியுடையவை. அவையும் சரியாக வந்தன. கோபத்தில் செய்கிற வேலை இவ்வளவு சுலபமாக முடிகிறதே என்றுகூட நினைத்தாள்.

பெரியவள் சரிபார்க்க எடுத்துக்கொண்டாள். வழக்கமாக ஒரு கையேட்டைத் திருப்பித் தரும்போது குறை மூட்டையைக் கூடவே தருவாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. "பார்த்தாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சின்னவளுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. குறை கிடைக்காத ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டொரு நாள் கழித்து லிஃப்ட் கம்பெனியிலிருந்து நல்ல வார்த்தை வந்தது. படிக்கச் சுலபமாக இருக்கிறதாம். சரிம்மா ஜன்னல் பக்கம் போனபோது அந்த நாற்காலியைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் அதையும் பார்த்தாள். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியவளின் கணவர் அதே லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். கை முழுக்க ஆறிப்போன வெட்டுத் தழும்புகள். கம்பெனி கொடுத்த டேப்லெட்டைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கையேடு புதுசா வந்திருக்கு. எங்க டெப்போவுக்குத்தான் முதல்ல கொடுத்துப் பார்க்கறாங்களாம். உன் வேலைதானேம்மா?"

"ஆமா மாமா."

"நல்லா மெலிஞ்சிருக்கு. டக் டக்னு பக்கம் திரும்புது." இன்னும் இரண்டு பக்கம் தள்ளினார். "ஆமா, மஞ்சக் கட்டமெல்லாம் எங்க?"

"எந்தக் கட்டம் மாமா?"

"கரண்டை நிறுத்து, பூட்டைப் போடு, அப்புறம் கையை விடுன்னு வருமே, அது. கதவு மோட்டார் பக்கத்துல ஒண்ணு இருக்கும். காணோம். பிரேக் பக்கத்துலயும் காணோம். இனிமே தேவையில்லன்னு எடுத்துட்டாங்களா?"

சின்னவளின் கை தட்டிலேயே நின்றது. டேப்லெட்டை வாங்கிப் பார்க்க வேண்டிய தேவைகூட அவளுக்கு இல்லை. கண்ணை மூடினாலே மரம் தெரிந்தது. அந்தக் கம்பெனியின் எச்சரிக்கைகளுக்குள் எழுத்து கிடையாது. டேக்கின் மேலேயே ஒரு குறியீட்டு எண் மட்டும் இருக்கும். டேப்லெட் அந்த எண்ணைப் பார்த்து, வாசகத்தை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து மஞ்சள் கட்டத்தில் காட்டும். இவளுடைய ஃபங்ஷன் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. மேலே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்கவில்லை. எச்சரிக்கை காலி, எடு. அந்த எச்சரிக்கையை மட்டும் வைத்திருந்த தாய்க்கிளை இப்போது காலி, அதையும் எடு. நுனியிலிருந்து அடிவரை ஒரு சுவடு விடாமல் தின்றுகொண்டே வந்திருக்கிறது. எச்சரிக்கை இல்லாமலும் ஒரு பகுதி இருக்கலாம் என்பது அமைப்பு விதி. அதனால் சோதனை வாயைத் திறக்கவில்லை.

அவள் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். கட்டத்தைக் காணோம் என்றதும் யாராக இருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். எதையும் கேட்காத சின்னவளின் கணவன்கூடப் பார்த்தான். பெரியவள் மட்டும் தட்டில் பரிமாறிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நீங்க பார்த்தீங்களா?"

"எதை?"

"கட்டம் இல்லைங்கறதை."

"பார்த்தேன்."

"எப்ப?"

"அனுப்பறதுக்கு முன்னாடிதான். அனுப்பினப்புறம் பார்த்து என்ன பண்றது?"

"சொல்லலையே."

"ஏன் சொல்லணும்? உனக்கு உன் கொக்கி மேலதான நம்பிக்கை. கொக்கியே சொல்லட்டும்னு விட்டுட்டேன்." கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "நாற்காலி வேற துடைச்சு வச்சாச்சு. நான் குறுக்க வந்து கெடுத்தேன்னு பேரு எதுக்கு?"

மெக்கானிக் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். "அது என் கைக்கு வர்ற புத்தகம்."

"உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. அவங்க ஆபீஸ்ல யாராவது பார்த்துத் திருப்பி அனுப்புவாங்கன்னு நினைச்சேன். நேரா உங்க கைக்கு வரும்னு யாரு கண்டா?"

"எனக்கு மனப்பாடம். டெப்போல இருக்கற அத்தனை பேருக்குமா மனப்பாடம்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் கையை உள்ள விடற இடம்டி அது."

சின்னவளின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று ஏறியது. பெரியவள் தானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தைச் சின்னவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அது இருந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. திங்கட்கிழமை வரை பொறுத்தால் போதும். நாற்காலி கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு சின்னத் திருத்தம் என்று சொல்லி ஒரு வரியை மாற்றி அனுப்பினால் யாருக்கும் தெரியாது. மாமாவிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லலாம்.

"நாளைக்கு யாராவது இதை வச்சு வேலை பார்ப்பாங்களா மாமா?"

"காலைல ரெண்டு கட்டடத்துக்கு ஆள் போகுது. புதுப் புத்தகத்தைத்தான் பார்க்கணும்னு உத்தரவு."

அவள் கையைக் கழுவாமலே இடது கையால் போனை எடுத்தாள்.

"சார், லிஃப்ட் கையேட்டை உடனே நிறுத்தச் சொல்லுங்க. எச்சரிக்கை எல்லாம் போயிடுச்சு. நான் கடைசியா போட்ட வரிதான் காரணம்."

முதல் தடவையாக அவர் வாயிலிருந்து சரிம்மா வரவில்லை.

"எல்லாமா?"

"எல்லாம் சார்."

"அடப்பாவமே. இருங்க, இப்பவே அவங்களுக்குச் சொல்லிடறேன்." போன் பழசு, அவர் பேசுவது அறை முழுக்கக் கேட்டது. "ஆனா பெரியவங்க பார்த்துதானே அனுப்பினாங்க? அவங்க கண்ணுல படலையா?"

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. காப்பாற்றுவதற்காக இல்லை. அதைவிட நல்லது ஒன்று அவளுக்குத் தோன்றியது.

"அக்கா இங்கதான் இருக்காங்க. நீங்களே கேட்டுக்குங்க சார்" என்று போனை நீட்டினாள்.

பெரியவள் வாங்கினாள். வாங்காமல் இருக்க முடியாது. கணவர் எதிரே, தட்டில் கையோடு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கண்ணுல படல சார்" என்றாள்.

மெக்கானிக் எழுந்தார். தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது. கையைக் கழுவிவிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சிறிது நேரத்தில் அவர் டெப்போ ஆட்களிடம் போனில் பேசுவது கேட்டது. கதவு மோட்டார், பிரேக், கேபிள் பெட்டி என்று ஒவ்வொன்றாக, எங்கே முதலில் கரண்டை நிறுத்த வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. காலியா என்று கேட்கும் இடத்தில் சின்னவள் இன்னொரு கேள்வியைக் கோர்த்தாள்: டேக்கின் மேல் எதுவும் இல்லையென்றால் மட்டும் எடு. பிறகு வேறு ஒரு ஃபங்ஷனும் எழுதினாள். உள்ளே போன எச்சரிக்கைகள் எல்லாம் வெளியே வந்தனவா என்று பார்க்கும்; ஒன்று குறைந்தாலும் கையேட்டை நகர விடாது. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அன்று காலையில் பல்லு விழுந்த வாய் என்ற பேச்சு காதில் விழாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். அது பொய் என்றும் தெரியும்.

திங்கட்கிழமை சரிம்மா இருவரையும் கூப்பிட்டார். லிஃப்ட் கம்பெனியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட முகம்.

"முறை சின்னவங்களுதுதான். லிஃப்ட்காரங்களுக்கு அது பிடிச்சிருக்கு. சரியா வர்றவரைக்கும் ஒவ்வொரு கையேடும் பெரியவங்க கண்ணுல பட்டுத்தான் போகணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நாற்காலி யாருக்கும் இல்ல. எச்சரிக்கையைத் தின்னவங்களுக்கும் கொடுக்க முடியாது. தின்னது கண்ணுல படாதவங்களுக்கும் கொடுக்க முடியாது."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பக்கத்தில் பெரியவளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பார்த்தேன், வேண்டுமென்றே விட்டேன் என்று இப்போது சொன்னால், கண் கெட்டவள் என்ற பேராவது போகும். அதைச் சொல்ல முடியாமல் அவள் நிற்பதைச் சின்னவள் ஆற அமரப் பார்த்தாள்.

"சரி சார்" என்றார்கள் இருவரும்.

இப்போதும் இரண்டு பஸ்தான். ஆபீஸில் பெரியவள் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறாள். மஞ்சள் கட்டம் வருகிற இடமெல்லாம் அறைக்கே கேட்கும்படி கேட்பாள்: "இது காலியா, இல்லையாம்மா? நீ சொன்னாத்தான் தெரியும்." சின்னவளும் ஒவ்வொன்றுக்கும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்லக்கா, அதுல எண் இருக்கு. உங்க கண்ணுல படும், பாருங்க" என்பாள். ஜன்னல் நாற்காலியை இரண்டு பேரும் இன்னும் சுற்றுவதில்லை. யாரோ அதன் மேல் பிரிண்டர் பேப்பர் கட்டு ஒன்றை வைத்துவிட்டார்கள்.

வீட்டில் ஒன்று மாறியது. புதுக் கையேடு வந்தால் மெக்கானிக் முன்பெல்லாம் மனைவியிடம்தான் காட்டுவார். இப்போது சமையலறை வாசலில் நின்று, பெரிய அடுப்பைத் தாண்டி, சின்ன அடுப்பின் பக்கம் டேப்லெட்டை நீட்டுகிறார்.

"என்னம்மா, எல்லாம் இருக்கா?"

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கதவு மோட்டார் பக்கத்தையும் பிரேக் பக்கத்தையும் தள்ளிப் பார்ப்பாள். பார்க்கத் தேவையில்லை, என்றாலும் பார்ப்பாள்.

"இருக்கு மாமா. அக்காவும் பார்த்துட்டாங்க."

பெரியவள் கொதிக்கிற பாத்திரத்தின் மேல் மூடியைப் போடுவாள். அதை அவ்வளவு சத்தமாகப் போட வேண்டியதில்லை.